நெட் ஸ்லோவா? பிளானை ஏற்றுவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்

"நெட் ஸ்லோ" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் படம் நடுவில் நின்று சுற்றுகிறது. இன்னொரு வீட்டில் மாடி அறையில் வாட்ஸ்அப் கூடப் போகவில்லை. வேறொருவருக்கு மீட்டிங்கில் குரல் உடைகிறது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: "சார், நீங்க 40 எம்பிபிஎஸ் பிளான்ல இருக்கீங்க, 200-க்கு மாத்திக்கோங்க." மாதாமாதம் சில நூறு ரூபாய் கூடும். சுற்றுவது சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். பல வீடுகளுக்கு 40-ஏ போதும். கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குப் பிளான் விலையோடு சம்பந்தமில்லை.

கணக்கைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவு, முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. ஜூம் குழு மீட்டிங் நல்ல தரத்தில் ஓட 4 எம்பிபிஎஸ்கூட வேண்டாம். இரண்டு டிவியில் 4கே, ஒரு பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, ஒருவர் ரீல்ஸ் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 40-ஐ ஒட்டித்தான் வரும். எத்தனை வீட்டில் இரண்டு 4கே டிவி ஒரே நேரத்தில் ஓடுகிறது? 2019-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை தன் செய்தியாளர்கள் 53 பேரின் வீட்டு இணைப்பை பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அளந்து பார்த்தது. வேகமான இணைப்புக்குப் பணம் கட்டியவர்கள் ஒரே நேரத்தில் பல வீடியோக்களை ஓடவிட்டபோதும், வாங்கிய வேகத்தில் சின்னப் பங்கைத்தான் பயன்படுத்தினார்கள்.

இன்னொன்று. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். ஃபைல் இறங்கும்போது திரையில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஃபைல் நொடிக்கு 12 எம்பி வேகத்தில் இறங்கினால் அது முழு வேகம். "100-க்குக் காசு வாங்கிட்டு 12 தர்றான்" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

முதலில் வயர் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் (அதுதான் ஓஎன்டி) ஒரு லேன் கேபிளைச் செருகி நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டில் மற்றவர்களின் போன், டிவி எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் துண்டித்துவிட்டு வேகச் சோதனை போடுங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, வழக்கமாக உட்காரும் இடத்தில் வைஃபையில் அதே சோதனை.

வயரில் பிளான் வேகம் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் கம்பெனி மேல் தப்பில்லை, பிளானை ஏற்றியும் பயனில்லை. வயரிலேயே வரவில்லை என்றால் கம்பெனியோடு பேச வேண்டியதுதான். அதற்கும் பெரிய பிளான் தீர்வாகாது, ஏற்கெனவே காசு கட்டிய வேகமே வரவில்லையே. இரண்டிலும் வேகம் சரியாக வந்தும் நெட் படுத்துகிறது என்றால் அது வேகப் பிரச்சினையே இல்லை. அதை மீட்டிங், கேம் பகுதிகளில் பார்க்கலாம்.

லேப்டாப்பில் லேன் துளை இல்லாவிட்டால் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லை என்றால் ரவுட்டருக்கு ஓரிரு மீட்டர் தள்ளி நின்று, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போனில் போட்டுப் பார்க்கலாம். துல்லியமாக இருக்காது, ஆனால் வழி காட்டும்.

"ஹாலில் பறக்குது, பெட்ரூமில் படுத்துக்குது"

இதுதான் அதிகம். காரணம், பெட்டி எங்கே இருக்கிறது என்பதை முடிவு செய்தது நீங்கள் இல்லை, மாட்ட வந்தவர். ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ அதற்குப் பக்கத்திலேயே ஆணி அடித்துவிட்டுப் போயிருப்பார். வாசல் மூலை, டிவிக்குப் பின்னால், லாஃப்ட் மேல், சில வீடுகளில் பீரோவுக்குப் பின்னால். நம் வீடுகள் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும். மேலைநாட்டு மரச் சுவர் வீடுகளை மனதில் வைத்து ரவுட்டர் பெட்டியில் அச்சடித்திருக்கும் பரப்பளவை இங்கே நம்ப முடியாது.

பெரும்பாலான வீட்டு வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி ஓரளவு போகும், ஆனால் மெதுவானது. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டினால் களைத்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயரைத் தொட்டால் இணைப்பு வேகம், எந்த அலைவரிசை என்ற விவரம் தெரியும். அங்கே 72 எம்பிபிஎஸ் என்று இருந்தால் நீங்கள் 2.4-ல் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்; அதிலும் நிஜத்தில் கையில் வருவது பாதியை ஒட்டித்தான். 433 அல்லது 866 என்றால் 5-ல் இருக்கிறீர்கள். 72-ல் இருக்கும் போனுக்கு 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டு என்ன ஆகப்போகிறது?

அடுக்குமாடி என்றால் 2.4-ல் இன்னொரு தொல்லை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. உங்கள் வீட்டில் நின்று பார்த்தால் பதினைந்து வைஃபை பெயர் தெரிகிறது என்றால், அத்தனையும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4-ஐ ஒட்டித்தான் வேலை செய்கிறது. பால் சூடு பண்ணும் நேரத்தில் மட்டும் நெட் இழுக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், உண்மையாகவே இருக்கலாம்.

செய்ய வேண்டியதை விலை குறைந்ததிலிருந்து சொல்கிறேன். பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலை உயரத்துக்கு மேல், எதற்கும் பின்னால் ஒளியாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி இவை பக்கத்தில் வேண்டாம். ஃபைபரை உள்ளே நீட்ட வருபவர் கொஞ்சம் முணுமுணுப்பார், கையில் ஏதாவது கேட்பார். இருந்தாலும் மாதாமாதம் கூடுதல் பில் கட்டுவதைவிட அது மலிவு.

அடுத்து, ரவுட்டர் அமைப்பில் போய் 2.4-க்கும் 5-க்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் சில போன்கள் 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. டிவி, லேப்டாப், புதிய போன்கள் 5-க்கு. சுவிட்ச், பல்பு, கேமரா மாதிரியானவை 2.4-க்கு. 2.4-ன் சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20-க்குக் குறையுங்கள்.

இதற்கும் மாடிக்கு எட்டவில்லை என்றால்தான் காசு செலவழிக்க வேண்டும். அப்போதும் சுவர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டரை வாங்காதீர்கள். மலிவானவை கேட்பதற்கும் திருப்பிச் சொல்வதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்துவதால் வேகம் பாதியாகும். நான்கு கோடு சிக்னல் காட்டும், வேகம் இருக்காது, ஏமாற்றுக்காரச் சாதனம். அதற்குப் பதில் ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்து, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை அங்கே வைக்கலாம். அதன் ஐபி முகவரியை முதல் பெட்டியோடு மோதாதபடி மாற்றி, டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை அதன் வான் (WAN) துளையில் போடாமல் லேன் துளையில் போட வேண்டும். சேனலும் வேறாக இருக்கட்டும். கேபிள் இழுக்கவே வழியில்லாத வீடு என்றால் மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் ஏற்பாடு) வாங்கலாம், இரண்டாவது பெட்டியை முதல் பெட்டியின் சிக்னல் நன்றாக எட்டும் இடத்தில் வையுங்கள். எட்டாத மூலையில் வைத்தால் அதுவும் ரிப்பீட்டர் கதைதான்.

"200 பிளான் போட்டும் 95-க்கு மேல் ஏற மாட்டேங்குது"

93, 94, 95. இந்த எண்களில் வந்து நின்றால் எங்கேயோ 100 எம்பிபிஎஸ் அளவுள்ள லேன் இணைப்பு நடுவில் இருக்கிறது என்று பொருள். கேபிளுக்குள் எட்டுக் கம்பி. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். ஒரே ஒரு கம்பி முறிந்தாலும், முனை சரியாக அழுத்தப்படாவிட்டாலும் பல நேரம் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு எங்காவது இருந்தால் அதுதான் குற்றவாளி.

கேபிள் சரி என்றால், துளையே 100 அளவுள்ளதா என்று பாருங்கள். பழைய ரவுட்டர்கள், விலை குறைந்த ஓஎன்டிகள், பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகள் எல்லாவற்றிலும் லேன் துளை 100 அளவுதான். டிவிக்கு அது குறையே இல்லை, 4கே-க்கு 15 போதும் என்றோமே.

"யாராவது போட்டோ ஏற்றினால் என் மீட்டிங் திணறுது"

வேகச் சோதனை அழகாக வரும். ஆனால் மனைவி கல்யாண போட்டோக்களை கூகுள் போட்டோஸில் ஏற்ற ஆரம்பித்தால், அல்லது பையன் கேம் அப்டேட் போட்டால், உங்கள் குரல் ரோபோ மாதிரி ஆகிவிடும். உடனே எல்லாரும் "வேகம் பத்தல" என்பார்கள். நடப்பது வேறு. ரவுட்டர் எதையும் தூக்கி எறிய மனமில்லாமல் எல்லா டேட்டா பொட்டலங்களையும் வரிசையில் சேர்த்து வைக்கிறது. ரேஷன் கடையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் தெருவுக்கே சேர்த்து கார்டு கொண்டுவந்திருந்தால் எப்படியோ அப்படி. உங்களுக்கு வேண்டியது ஒரு கிலோ சர்க்கரைதான், ஆனால் அத்தனை கார்டும் முடிய வேண்டும். இதை பஃபர்புளோட் என்பார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. ஃபாஸ்ட்.காம் தளத்தில் சோதனை முடிந்ததும் "மேலும் விவரம்" பொத்தானை அழுத்தினால் தாமதம் மில்லிசெகண்ட் கணக்கில் இரண்டு எண்ணாக வரும்: இணைப்பு சும்மா இருக்கும்போது ஒன்று, முழுச் சுமையில் ஒன்று. முதலாவது 10, இரண்டாவது 30, 40 என்றால் கவலையில்லை. இரண்டாவது 200, 300 என்று எகிறினால் இதுதான் உங்கள் நோய்.

மருந்து: ரவுட்டரில் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் என்ற பகுதி இருந்தால் அதைப் போட்டு, ஏற்றும் வேகத்தையும் இறக்கும் வேகத்தையும் நிஜத்தில் வருவதில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டிப்போடுங்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் மீட்டிங் நன்றாக ஓடும் என்பது கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் வரிசை அப்போது ரவுட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும், சின்னப் பொட்டலங்களை முன்னால் விடும். கம்பெனி கொடுத்த பெட்டியில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. அப்படியானால் போட்டோ ஏற்றத்தை இரவு சார்ஜ் போடும்போது மட்டும் நடக்கும்படி வையுங்கள். மீட்டிங் லேப்டாப்பை வயரில் மாட்டுங்கள்.

ஏற்றும் வேகத்தைத் தனியாகக் கவனியுங்கள். ஃபைபரில் பல பிளான்களில் இரண்டு பக்கமும் ஒரே வேகம். ஆனால் மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்துத் தரும் 5ஜி இணைப்புகளில் ஏற்றும் பக்கம் குறைவாக இருக்கும். நான்கு சிசிடிவி கேமராக்கள் நாள் முழுக்க கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், அந்தப் பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

"பிங் 80-க்குக் கீழே வர மாட்டேங்குது"

வீட்டில் கேம் ஆடுகிற பிள்ளை இருந்தால் பிளானை ஏற்றச் சொல்லி நச்சரிப்பது அவன்தான். கேம் ஆடும்போது ஓடும் டேட்டா மிகக் குறைவு. 1 எம்பிபிஎஸ் கூடத் தாண்டாத கேம்கள் உண்டு. அவனுக்கு வேண்டியது தாமதம் குறைவது; பிங் என்பது அதுதான். அது தூரத்தைப் பொறுத்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் 3200 கிலோமீட்டர் அளவு. போய்வர 32 மில்லிசெகண்ட். எந்தக் கம்பெனியாலும், எத்தனை ஆயிரம் கட்டினாலும் அதற்குக் கீழே இறக்க முடியாது. இது ஒளியின் கணக்கு.

ஆக, கேமில் சர்வரை மும்பைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். வைஃபையை விட்டு வயருக்கு வாருங்கள், அதுவே பிங் துள்ளுவதைப் பெருமளவு குறைக்கும். சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்தும்போது மட்டும் எகிறினால் மேலே சொன்ன ரேஷன் வரிசைதான்.

"பக்கம் திறக்க நேரமாகுது, திறந்தபின் வீடியோ நல்லா ஓடுது"

ஒரு பக்கம் திறக்க உலாவி பல இடங்களுக்கு முன்னும் பின்னும் போய்வருகிறது. நேரம் போவது அந்தப் பயணங்களில். கூகுளில் இருந்த மைக் பெல்ஷி 2010-லேயே இதை அளந்து காட்டினார்: 5-லிருந்து 10 எம்பிபிஎஸ்-க்கு வேகத்தை இரட்டிப்பாக்கினால், பக்கம் திறக்கும் நேரம் 5 சதவீதம்தான் குறைந்தது. அன்றைக்கே அப்படி என்றால், 100-ஐ 300 ஆக்குவதில் என்ன தெரியும்?

முதலில் டிஎன்எஸ்-ஐ (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றிப் பாருங்கள். ரவுட்டரில் 1.1.1.1 அல்லது 8.8.8.8. சில உள்ளூர் இணைப்புகளில் இது மட்டுமே நல்ல மாற்றத்தைத் தரும். பிறகு அதே பக்கத்தை வேறு போனில் திறந்து பாருங்கள். அங்கே சட்டென்று வந்தால் உங்கள் போனில் இடம் நிரம்பிவிட்டது, அல்லது லேப்டாப்பில் ஐம்பது டேப் திறந்து கிடக்கிறது. ஆபீஸ் விபிஎன் வழியாக மட்டும் மெதுவென்றால் அது ஆபீஸ் ஐடி ஆட்களின் பாடு.

"ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும்"

காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வயர் சோதனை போட்டு, படம் எடுத்து வையுங்கள். சோதனை சர்வரை உங்கள் ஊரில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். அது கம்பெனியின் சொந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கலாம், எப்போதும் நன்றாகத்தான் காட்டும். மும்பையையும் சிங்கப்பூரையும் தேர்ந்தெடுத்துப் போடுங்கள்.

தெருவில் ஒரு ஃபைபரை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதன் மொத்தக் கொள்ளளவு இறங்கும் பக்கம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால் அங்கே பெரும்பாலும் நெரிசல் வராது. உள்ளூர் ஆபரேட்டர் மேலிடத்திலிருந்து வாங்கும் குழாய் சின்னதாக இருந்தால்தான் இரவில் மூச்சு திணறும். 100-ஐ 200 ஆக்கினாலும் அதே குழாய் வழியாகத்தான் வர வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி இருந்தால், அவர்களிடம் இரவு 9 மணிக்கு ஒரு சோதனை போட்டுப் பார்க்கக் கேளுங்கள். இங்கே பிளானை மாற்றுவதைவிட கம்பெனியை மாற்றுவது மேல்.

"மாதக் கடைசியில் மட்டும்"

மாத டேட்டா வரம்பு தாண்டி, வேகத்தைக் குறைத்திருப்பார்கள். "அன்லிமிடெட்" என்று விற்கும் பல பிளான்களில் 3300 ஜிபி அளவில் ஒரு கோடு உண்டு, சின்ன பிளான்களில் இன்னும் குறைவு. 4கே படம் மணிக்கு 7 ஜிபி என்று வைத்தாலும் 3300 தீர தினமும் 15 மணி நேரத்துக்கு மேல் பார்க்க வேண்டும். நீங்கள் பார்க்காமலே தீர்கிறது என்றால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். எந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எப்போது சொல்லிக்கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்காது.

"அறுந்து அறுந்து வருது"

பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளியே வரவில்லை: லாரி இடித்திருக்கும், அணில் கடித்திருக்கும், அல்லது வீட்டுக்குள்ளேயே யாரோ கேபிளை மடித்திருப்பார்கள். ஃபைபரைச் செங்குத்தாக மடிக்கக் கூடாது. விளக்கு பச்சையாகவே இருந்து அறுந்தால் ஓஎன்டி-யின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவைப் பாருங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஒட்டு போட்ட இடம் எங்கோ கெட்டிருக்கிறது, அந்த எண்ணையே சொல்லிப் புகார் கொடுங்கள். கரண்ட் போய்வரும் ஊர்களில் அடாப்டர் பலவீனமாகி பெட்டி தானாக அணைந்து எழுவதும் உண்டு. அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேறு அடாப்டர் மாட்டினால் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே வேகம் வேண்டியவர்கள்

உண்டு. 100 ஜிபி கேமை 40 எம்பிபிஎஸ்-ல் இறக்க ஐந்தரை மணி நேரம், 100-ல் இரண்டேகால் மணி, 300-ல் முக்கால் மணி. வாரம் ஒருமுறை இப்படி இறக்குபவர், வீடியோ எடிட் செய்து பெரிய ஃபைல்களை அனுப்புபவர், வீட்டிலேயே டியூஷன் சென்டரோ சின்ன ஆபீஸோ நடத்துபவர், மூன்று தலைமுறையும் மூன்று டிவியும் உள்ள கூட்டுக் குடும்பம். இவர்களுக்கு ஏற்றுவது நியாயம்.

ஏற்றுவதற்கு முன் கம்பெனியிடம் இரண்டு கேள்வி. வீட்டில் இருக்கும் பெட்டி 5 ஜிகாஹெர்ட்ஸ் உள்ளதா, லேன் துளை ஜிகாபிட்டா? 2.4 மட்டும் உள்ள பெட்டி என்றால், மாற்றித் தந்தால்தான் பிளான் ஏற்றுவேன் என்று சொல்லுங்கள். பல இடங்களில் பழைய பிளானிலேயே மாற்றித் தந்துவிடுகிறார்கள். ஏற்றும் வேகம் எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்குங்கள், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இறக்கும் வேகம் மட்டும். வருடச் சந்தாவில் தள்ளுபடி என்பார்கள். முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.